நிக்கல் வரிகளைத் தாண்டவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை: பரப்பலை எங்கே போனது?

நெய்தல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் ஒலியலையான பரப்பலையைப் பற்றிய புராஜெக்ட் வேலையில் இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், உதவி வேண்டும்.

128 பாகை வெட்டு லித்தியம் நையோபேட் (மின்னழுத்தம் கொடுத்தால் அசையும் படிகம்) துண்டு, அரை மில்லிமீட்டர் தடிமன், இரண்டு பக்கமும் பாலிஷ் செய்தது. அதன்மேல் அலுமினியத்தில் இரண்டு சீப்பு மின்வாய்கள்; ஒன்று மின்சிக்னலை அலையாக்கி அனுப்பும், மற்றது அதை வாங்கி மறுபடி மின்சிக்னலாக்கும். விரல் அகலம் 10 மைக்ரான், இடைவெளி 10 மைக்ரான், அடுத்தடுத்த விரல்கள் எதிரெதிர் முனையில், ஆக அலைநீளம் 40 மைக்ரான். ஒவ்வொரு சீப்பிலும் 20 இணை விரல்கள். ஒரு சீப்பின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு 8 மி.மீ. வெறும் படிகத்தில் அலை நன்றாகவே ஓடுகிறது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் போய்ச் சேருகிறது என்று காட்டும் நெட்வொர்க் அனலைசரில் 99.5 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் உச்சம் தெரிகிறது.

அதே துண்டில் இன்னொரு ஜோடிச் சீப்பு. இதன் நடுவே மட்டும் 100 நிக்கல் வரிகள் போட்டேன். உயரம் 1.5 மைக்ரான், அகலம் 20, இடைவெளி 20. அலைநீளம் 40, வரிசையின் படியும் (ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கான தூரம்) 40, இரண்டும் பொருந்தினால் அலையைத் திருப்பும் நல்ல கண்ணாடியாகும் என்று நினைத்தேன். அளந்து பார்த்தால் அந்தப் பக்கம் போய்ச் சேரும் அலை 6 டெசிபெல்லுக்கு மேல் குறைந்திருந்தது. கண்ணாடி வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் முதல் சீப்பின் பக்கம் நேர அளவில் எதிரொலியைத் தேடினேன். வரிகளின் முன்விளிம்பு சீப்பு மையத்திலிருந்து 2 மி.மீ., போய்வர 4 மி.மீ., அதாவது சுமார் 1 மைக்ரோவினாடி. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தாண்டிய அலை பாதிக்கும் கீழே, திரும்பிய அலை கிட்டத்தட்டச் சுழியம். மீதி எங்கே? அதோடு வரைகோடு முழுக்க அலையலையாக நெளிகிறது. அதுவும் ஏன் என்று புரியவில்லை.

---

அலைவாங்கி எழுதியது:

தம்பி, முதலில் நெளிவைப் பிரித்துவிடுவோம். அதைத் தீர்க்காமல் வரிகளைப் பற்றிப் பேசினால் குழம்பும்.

இரண்டு நெளிவு முகடுகளுக்கு நடுவே எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று அளந்து சொல்லுங்கள். உங்கள் அலை 8 மி.மீ. கடக்க 2 மைக்ரோவினாடி ஆகிறது. ஒரு சீப்பிலிருந்து மற்றதற்குக் காற்று வழியாகவும் கம்பி வழியாகவும் நேரடியாகத் தாவும் மின்சிக்னல் உடனே போய்விடும். அதுவும் 2 மைக்ரோவினாடி தாமதமான அலையும் கலந்தால் நெளிவு 500 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று வரும். அலை எதிர்ச் சீப்பில் பட்டுத் திரும்பி, இங்கே மறுபடி பட்டு, மூன்றாம் முறை கடந்து வந்தால் கூடுதல் தாமதம் 4 மைக்ரோவினாடி. அப்போது நெளிவு 250 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று. அளவுகோலே நோயைச் சொல்லிவிடும்.

இன்னொரு சோதனை: இரண்டு சீப்புக்கும் நடுவே வெறும் படிகத்தில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வையுங்கள். இந்தப் பரப்பலையில் மேலும் கீழுமான அசைவு உண்டு, அதனால் திரவம் அதைக் குடித்துவிடும். தண்ணீர் என்றால் செங்குத்திலிருந்து சுமார் 22 பாகை சாய்ந்து உள்ளே கதிர்போல இறங்கும். துளி வைத்தபிறகும் மிஞ்சி நிற்பது உங்கள் அலை இல்லை, மின்கசிவு. என்னிடம் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் செய்யச் சொல்வேன்.

---

நெய்தல் எழுதியது:

அக்கா, இன்று மதியம் செய்து பார்த்தேன். வரி இல்லாத சாதனத்தில் நெளிவு சரியாக 500 கிலோஹெர்ட்ஸ். துளி வைத்ததும் முகடு சரிந்து, தட்டையான ஒரு தரை மட்டும் மிஞ்சியது. இரண்டு சீப்புக்கும் நடுவே தரையிணைப்பில் ஒரு செப்புத் தகட்டை நிறுத்தினேன், நெளிவு பாதிக்கும் கீழே போய்விட்டது. மிக்க நன்றி.

ஆனால் வரி போட்ட சாதனத்தில் இன்னொரு நெளிவு இருக்கிறது. அகலமானது, முகட்டுக்கு முகடு சுமார் 4 மெகாஹெர்ட்ஸ். வரி இல்லாததில் அது இல்லவே இல்லை.

---

படிகம் எழுதியது:

அந்த 4 மெகாஹெர்ட்ஸ்தான் துப்பு, தம்பி. உங்கள் அலை கீழே போயிருக்கிறது. நேர் கீழே, படிகத்துக்குள்.

நிதானமாகப் பார்ப்போம். அலை வந்து ஒரு வரியில் படும்போது அந்த வரி தானும் அசைந்து எல்லாப் பக்கமும் ஒரு சிற்றலையை வீசும். தனி ஒரு வரி வீசுவது மிகச் சொற்பம். 100 வரிகள் வீசுவது எந்தத் திசையில் ஒன்றுகூடும், எந்தத் திசையில் ஒன்றையொன்று அழிக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு இழுத்தால்தான் அசையும். அந்தக் குரல் இங்கே வரிகளின் படி.

நீங்கள் படியை ஒரு முழு அலைநீளமாக வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் முதல் வரி மேலேறும்போது இரண்டாவதும் ஏறுகிறது, நூறாவதும் ஏறுகிறது. எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. 4 மி.மீ. நீளத்துக்கு ஒரு பெரிய பலகையைப் படிகத்தின்மேல் வைத்து மேலும் கீழும் தட்டுவது போல. அது எந்தப் பக்கம் அலை அனுப்பும்? நேர் கீழேதான். பரப்புக்குச் செங்குத்தாக, சமதள அலையாக.

சரி, பின்னோக்கித் திரும்புவதற்கும் கணக்குப் பொருந்துகிறதே என்று கேட்கலாம். பொருந்துகிறது. அடுத்தடுத்த வரிகளுக்கு நடுவே போய்வர இரண்டு முழு அலைநீளம், எல்லாம் ஒத்துத்தான் வருகின்றன. ஆனால் வரிக்கு இரண்டு விளிம்புகள் உண்டு. முன்விளிம்பு ஏறும் இடம், பின்விளிம்பு இறங்கும் இடம், அதனால் அவை திருப்பும் அலைகள் எதிரெதிர்க் குறி உடையவை. உங்கள் வரியின் அகலம் 20 மைக்ரான், அதாவது அரை அலைநீளம். போய்வர ஒரு முழு அலைநீளம். எதிரெதிர்க் குறியோடு முழு அலைநீளம் கழித்துச் சந்திப்பவை ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். ஆக ஒவ்வொரு வரிக்குள்ளேயே எதிரொலி செத்துவிட்டது. உங்கள் எதிரொலி காணாமல் போனதன் காரணம் அதுதான்.

படியை 20 ஆகவும் அகலத்தை 10 ஆகவும் வைத்துப் பாருங்கள். இப்போது விளிம்புக்கு விளிம்பு போய்வர அரை அலைநீளம். எதிர்க்குறி, அதோடு அரை அலைநீளம், இரண்டும் சேர்ந்து கூடிக்கொள்ளும். வரிக்கு வரி போய்வர ஒரு முழு அலைநீளம், அதுவும் கூடும். கீழ்நோக்கி? அடுத்தடுத்த வரிகள் எதிரெதிராக அசைகின்றன. ஒன்று ஏறும்போது பக்கத்து வரி இறங்கும், ஆழத்துக்கு எதுவும் போகாது. சாய்வாகவும் போகமுடியாது. உள்ளே போகக்கூடிய அலைகள் எல்லாம் பரப்பலையைவிட வேகமானவை, எனவே அதே அதிர்வெண்ணில் அவற்றின் அலைநீளம் பெரியது. 20 மைக்ரான் படியில் எந்தக் கோணத்திலும் அவற்றுக்குக் கணக்குப் பொருந்தாது. பரப்பலை பரப்பிலேயே கிடப்பதற்கும் இதே வேக வித்தியாசம்தான் காரணம். ராலே என்ற இயற்பியலாளர் 1885இல் எழுதியது இதைத்தான்: திடப்பொருளின் சமதளப் பரப்பை ஒட்டி, ஏறக்குறைய ஓர் அலைநீள ஆழத்துக்குள் அடங்கி ஓடும் அலை.

அந்த 4 மெகாஹெர்ட்ஸ்: கீழே போன அலை பாலிஷ் செய்த அடிப்பக்கத்தில் பட்டு மேலே வந்து அதே வரிகளில் மறுபடி ஏறுகிறது. அரை மி.மீ. தடிமன், போய்வர 1 மி.மீ., குறுக்கலை வேகம் வினாடிக்கு 4 கி.மீ. பக்கம். வகுத்தால் 4 மெகாஹெர்ட்ஸ். அடிப்பக்கத்தை எமரித் தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு அளந்து பாருங்கள். நான் சொல்வது சரியென்றால் அந்த நெளிவு மறைய வேண்டும்.

---

கரும்பலகை எழுதியது:

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், இந்த இழையை ஆவலோடு படிக்கிறேன். ஒரு கேள்வி. தனி வரி திருப்புவது சொற்பம் என்கிறீர்கள். எவ்வளவு சொற்பம்? 100 வரி போட்டால் அது எப்படிக் கண்ணாடியாகும்? மாணவர்களுக்குச் சொல்லும்படி எண்ணோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

---

படிகம் எழுதியது:

மெல்லிய அலுமினிய வரி என்றால் பரப்பலையின் வீச்சில் 1 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு வசதி.

100 வரிகளைத் தாறுமாறான இடைவெளியில் போட்டால் திரும்பும் சிற்றலைகளுக்குள் ஒற்றுமை இல்லை. அப்போது கூட்டவேண்டியது வீச்சுகளை அல்ல, ஆற்றலை. ஒன்றுக்கு பத்தாயிரத்தில் ஒரு பங்கு, 100 வரிக்கு மொத்தம் 1 விழுக்காடு ஆற்றல். மீதி 99 அந்தப் பக்கம் போய்விடும்.

அதே 100 வரிகளை அரை அலைநீளப் படியில் ஒழுங்காக அடுக்குங்கள். வீச்சுகள் கூடும். வெறுமனே கூட்டினால் 100 விழுக்காடு வரும். ஆனால் உள்ளே போகப்போக அலை இளைக்கிறது, பின்னால் இருக்கும் வரிகளுக்குத் திருப்புவதற்கு மிச்சம் குறைவு. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வீச்சில் 76 விழுக்காடு, ஆற்றலில் 58. வரிகள் 200 ஆனால் ஆற்றலில் 93. 300 ஆனால் 99. ஒரு வரியைக்கூடத் தடிமனாக்கவில்லை, இடத்தை மட்டும் மாற்றினோம். 1 விழுக்காடு 58 ஆனது. இந்த ஒரு கணக்குதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது. மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள் ஐயா.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்தக் கண்ணாடி எல்லா அதிர்வெண்ணுக்கும் கண்ணாடி இல்லை. வரிக்கு 1 விழுக்காடு என்றால் தடைப்பட்டையின் (அலை தடுக்கப்படும் அதிர்வெண் பட்டை) அகலம் மைய அதிர்வெண்ணில் 0.64 விழுக்காடு. 100 மெகாஹெர்ட்ஸில் வெறும் 640 கிலோஹெர்ட்ஸ். நெய்தல், அனலைசரில் அதிர்வெண்ணைப் பெரிய தாவல்களாக வைத்து ஓட்டினால் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள்.

இன்னொன்று. இந்தக் கண்ணாடிக்கு முகம் என்று ஒரு கோடு கிடையாது. அலை சுமார் 50 வரி ஆழம் உள்ளே போய்த் திரும்பியது போல நடந்துகொள்ளும். 20 மைக்ரான் படிக்கு அது 1 மி.மீ. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து ஒத்ததிர்வி (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் வலுவாக அதிரும் சாதனம்) செய்கிறவர்கள் இதைச் சேர்க்காவிட்டால் அதிர்வெண் தப்பிப்போகும்.

---

பற்றாசு எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன், சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருஷம் டிவி ரிப்பேர் செய்தவன் நான்.

பழைய பெட்டிகளில் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) பகுதியில் வரிசையாகச் சுருள்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஃபெரைட் திருகு. ஸ்வீப் ஜெனரேட்டர் வைத்து, ஸ்கோப்பில் வளைவைப் பார்த்துத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். பிறகு சா ஃபில்டர், அதாவது பரப்பலை ஃபில்டர், வந்தது. ஐந்து கால், ஒரு சின்ன டப்பா. அந்தத் திருகல் வேலை முழுக்கப் போய்விட்டது. நம் ஊர் அன்றைய முறையில் படத்துக்கு 38.9 மெகாஹெர்ட்ஸ், ஒலிக்கு 33.4. இரண்டையும் வேண்டிய அளவில் பிரித்து அனுப்பும் வளைவு மொத்தமும் அந்த டப்பாவுக்குள். திருகுவதற்கு எதுவும் இல்லை.

ஒருநாள் செத்துப்போன டப்பா ஒன்றைப் பிளேடால் திறந்து, தெரிந்த கல்லூரி ஒன்றின் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நான் பார்த்த அழகான பொருள்களில் அது ஒன்று. எதிரெதிர் விரல்கள் எல்லா இடத்திலும் ஒரே நீளத்துக்குக் கோத்திருக்கவில்லை. நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு, மறுபடி கொஞ்சம் அதிகம். மீன் ஒன்றும் அதன் பக்கத்தில் குட்டி மீன்களும் நீந்துவது போல. மூன்று விஷயம் அப்போது புரியவில்லை. ஒன்று, ஒவ்வொரு விரலும் இரட்டையாகப் பிளந்திருந்தது. இரண்டு, படிகத்தின் இரண்டு முனையிலும் கறுப்பாகப் பிசின் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. மூன்று, படிகத் துண்டு நேர்ச் சதுரமாக இல்லை, சாய்சதுரமாக வெட்டியிருந்தது. மோசமாக வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இன்றைக்குப் படிகம் சார் எழுதியதைப் படித்தபிறகு இந்த மூன்றுக்கும் காரணம் இருக்கும் என்று தோன்றுகிறது. சொல்வீர்களா?

---

அலைவாங்கி எழுதியது:

ஐயா, மூன்றும் வேண்டுமென்றே செய்தவை.

பிசினும் சாய்வும் ஒரே வேலைக்கு. சீப்பு இரண்டு பக்கமும் அலை அனுப்பும். வேண்டாத பக்கம் போன அலை படிக முனையில் பட்டு அதே வழியில் திரும்பி வந்தால் படத்தில் பேய் நிழல் விழும். பிசின் அதை விழுங்குகிறது. தப்பியதைச் சாய்ந்த விளிம்பு வேறு திசையில் திருப்பிவிடுகிறது.

பிளந்த விரல்தான் இந்த இழையின் விஷயத்தோடு நேராகச் சேர்கிறது. சாதாரணச் சீப்பில் விரலுக்கு விரல் தூரம் அரை அலைநீளம். படிகம் சார் மேலே சொன்ன கண்ணாடியின் படியும் அதேதான்! அலை அனுப்புவதற்காகச் செய்த சீப்பு, அதே அதிர்வெண்ணில் தானே ஒரு கண்ணாடியாகவும் ஆகிவிடுகிறது. வளைவு சிதையும், மூன்று முறை கடக்கும் எதிரொலியும் கூடும். விரலை இரண்டாகப் பிளந்தால் படி கால் அலைநீளம். பக்கத்துப் பக்கத்து விரல்கள் திருப்புவது அரை அலைநீளம் தள்ளி வருகிறது, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மின்சாரக் கணக்கில் இரண்டு பாதியும் ஒரே முனையில் இருப்பதால் அலை அனுப்பும் வேலை நடக்கும்.

விலை என்னவென்றால் கோடு பாதி அகலம். 38.9 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 100 மைக்ரான் பக்கம், எட்டில் ஒரு பங்கு 12 மைக்ரான், அச்சடிக்கச் சிரமமே இல்லை. கைபேசிக்காக நாங்கள் செய்யும் 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 2 மைக்ரான். சாதாரண விரலே அரை மைக்ரான், பிளந்தால் கால். அதனால் அங்கே கண்ணாடித்தனத்தை ஒழிக்க முயல்வதில்லை, அதையே பயன்படுத்திக்கொள்கிறோம். ஒத்ததிர்விகளை ஏணிபோல அடுக்கிப் ஃபில்டர் செய்கிறோம். வெள்ளையும் வோல்ட்மரும் 1965இல் குவார்ட்ஸில் முதல் சீப்பைப் போட்டபோது இருந்த அதே உருவம்தான், கோடுகள் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கின்றன.

திருத்தம்: மேலே "வெள்ளை" என்று தட்டச்சு தானாக மாற்றிவிட்டது. ஒயிட் என்பது அவர் பெயர்.

---

செம்மண் எழுதியது:

நான் கட்டுமானப் பொறியாளர், மண் இயக்கவியல் என் துறை. உங்கள் அலை மைக்ரான் கணக்கு, என்னுடையது மீட்டர் கணக்கு, ஆனால் ராலே அலை, அதாவது உங்கள் பரப்பலை, இரண்டு பேருக்கும் பொது. நிலநடுக்கத்தில் தரையை உருட்டிக்கொண்டு போவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஸ்பெயினில் ஒரு குழு 1995இல் மாட்ரிட்டில் நிற்கும் ஒரு சிற்பத்தை அளந்தது. எஃகுக் குழாய்கள் சதுர ஒழுங்கில் நடப்பட்ட சிற்பம் அது. காற்றில் வரும் ஒலியில் 1,670 ஹெர்ட்ஸ் பக்கம் அது தடுத்தது. அதே ஆட்களில் சிலர் 1999இல் ஒரு பளிங்குக் குவாரியில் ஒழுங்காகத் துளைகள் போட்டு, பாறைப் பரப்பில் ஓடும் ராலே அலை குறைவதைக் காட்டினார்கள். 2012இல் பிரான்சில் கிரெனோபிள் அருகே மண்ணில் 5 மீட்டர் ஆழத் துளைகளை வரிசையாகப் போட்டு, 50 ஹெர்ட்ஸில் தரையை அதிர வைத்து அளந்தார்கள். அலை முதல் சில வரிசைகளைத் தாண்டப் பெரிதும் திணறியது.

எனக்கு மிகவும் பிடித்தது மரங்களின் சோதனை. பிரான்சின் லாண்ட் பகுதியில் பைன் மரக்காடு. மரம் ஒவ்வொன்றும் தரையில் நட்ட ஓர் அதிர்வி. அதன் சொந்த அதிர்வெண்ணில் ராலே அலை வந்தால் மரம் அதை வாங்கி எதிர்க்கட்டத்தில் திருப்பிக் கொடுக்கும், அலை முன்னேறாது. இங்கே ஒழுங்கான படி அவசியமே இல்லை. காடு எங்கே ஒழுங்காக இருக்கிறது? உயரம்தான் முக்கியம். அந்தக் குழு இன்னொன்றும் கணக்கிட்டுக் காட்டியது: அதிர்விகளின் உயரத்தைப் படிப்படியாக மாற்றினால், வரும் ராலே அலையை அப்படியே குறுக்கலையாக்கி ஆழத்துக்கு அனுப்பலாம். நெய்தலுக்குத் தவறிப்போய் நடந்தது அங்கே நோக்கமாகவே இருக்கிறது. வீட்டை நோக்கி வரும் அலையைத் திருப்பி அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும், கீழே அனுப்பினால் யாருக்கும் தொல்லை இல்லை.

நகரத்துக்கு இதை உடனே கட்டலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மென்மண்ணில் வேகம் வினாடிக்கு 200 மீட்டர் என்றால் 5 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 40 மீட்டர். பாதிப் படி என்றாலும் 20 மீட்டருக்கு ஒரு துளை, ஆழமும் அதற்கேற்ப. ஐந்தாறு வரிசைக்கே சுமார் 100 மீட்டர் அகலத்துக்கு நிலம் வேண்டும்.

---

நெய்தல் எழுதியது:

செம்மண் அண்ணா, இதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. படிகம் அண்ணா, அலைவாங்கி அக்கா, புதிய மாஸ்க்குக்கு (கோடுகளை அச்சடிக்கும் அச்சு) இன்று வரைபடம் போடுகிறேன். படி 20, அகலம் 10. கேள்வி ஒன்று: வரியின் உயரத்தைக் கூட்டி 3 மைக்ரான் ஆக்கினால் 30 வரியே போதுமா? இடம் மிச்சமாகுமே.

---

அலைவாங்கி எழுதியது:

போதும் என்பேன். புராஜெக்ட்டுக்குத் தடைப்பட்டை தெளிவாகத் தெரிந்தால் சரி. உயரம் கூடினால் பட்டையும் அகலமாகும், அளப்பது சுலபம்.

---

படிகம் எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை அலைவாங்கி. ஒரு வரி பின்னோக்கித் திருப்பும் வீச்சு உயரத்துக்கு நேர்விகிதம். அது ஆழத்துக்குச் சிதறவிடும் ஆற்றலோ உயரத்தின் வர்க்கத்துக்கு. ஒழுங்கான வரிசையின் நடுவில் அந்தச் சிதறல் அழிந்துபோகிறது என்று நான்தான் சொன்னேன். ஆனால் வரிசை தொடங்கும் இடத்தில் முதல் சில வரிகளுக்கு முன்னால் துணை இல்லை, அங்கே கசியும். வரிகள் உயரமாக இருந்தால் அலை அந்த முதல் சில வரிகளிலேயே திரும்பிவிடுகிறது, அதாவது கசியும் இடத்திலேயே பெரும்பகுதி வேலை நடக்கிறது. பல வரி, ஒவ்வொன்றும் குட்டை: இதுதான் நல்ல கண்ணாடி. எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் 1970களில் ரேடார் துடிப்புகளைச் சுருக்குவதற்காக அயனிக் கற்றையால் ஆயிரக்கணக்கான பள்ளங்களைச் செதுக்கினார்கள். ஆழம் அலைநீளத்தில் 1 விழுக்காடு அளவுதான்.

---

அலைவாங்கி எழுதியது:

ஒத்ததிர்வி செய்பவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி எடுத்திருப்பது 6 மாதப் புராஜெக்ட். குட்டை வரி 300 போட்டால் ஒரு தூசி, ஒரு கீறல், மறுபடி முதலிலிருந்து. ஒன்று செய்யலாம்: ஒரே மாஸ்க்கில் இரண்டும் போடுங்கள். 1.5 மைக்ரானிலேயே ஒரு சாதனத்தில் 30 வரி, இன்னொன்றில் 100 வரி. ஒப்பிட்டுக் காட்டினால் அறிக்கைக்கும் பலம்.

---

படிகம் எழுதியது:

அது நல்ல யோசனை. இரண்டு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன் நெய்தல். நிக்கல் பாரமானது. அதன் அடியில் ஓடும் அலை கொஞ்சம் மெதுவாகும், எனவே தடைப்பட்டை 99.5இல் வராது, கீழே நகரும். அங்கே தேடுங்கள். இரண்டாவது, தடைப்பட்டைக்குச் சற்று மேலே ஓர் அதிர்வெண்ணில் ஆழத்துக்குப் போகும் வழி மறுபடி திறந்துகொள்ளும். அங்கே தாண்டும் அலை குறைந்தால் அதை இரண்டாவது தடைப்பட்டை என்று எழுதிவிடாதீர்கள். எதிரொலி இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெயர் வைக்கவேண்டும்.

கோடுகளோடு நிற்காமல் புள்ளிகளாகப் போனால் எல்லாத் திசையிலும் தடுக்கலாம். பிரான்சின் பெசான்சோன் நகரத்துக் குழு 2006இல் இதே லித்தியம் நையோபேட்டில் 10 மைக்ரான் படியில் 9 மைக்ரான் துளைகளைச் செதுக்கி, 203 முதல் 226 மெகாஹெர்ட்ஸ் வரை எந்தத் திசையிலும் பரப்பலை போகாத இடைவெளியைக் காட்டியது. உங்கள் ஜூனியர் யாராவது எடுக்கலாம்.

---

கரும்பலகை எழுதியது:

கடைசியாக ஒன்று. இதுவரை வரிகள் அலையைத் திருப்பின, அல்லது ஆழத்துக்குத் தள்ளின. வரிகளால் அலையைப் பரப்பிலேயே பிடித்து வைக்கவும் முடியுமா?

---

படிகம் எழுதியது:

முடியும் ஐயா, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். பக்கவாட்டில் மட்டும் அசையும் குறுக்கலை ஒன்று உண்டு. வழுவழுப்பான சாதாரணப் பரப்பு அதைப் பிடித்து வைக்காது. பரப்பை ஒட்டிக் கிளம்பினாலும் போகப்போக ஆழத்துக்குள் விரிந்து நீர்த்துவிடும். ஆல்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1976இல் காட்டினார்கள்: பரப்பில் நெருக்கமாக வரிப்பள்ளங்கள் போட்டால் அந்த அலை சற்றே மெதுவாகிறது. மெதுவானதும் ஆழத்து அலைகளோடு அதற்குக் கணக்குப் பொருந்துவதில்லை, பரப்பைவிட்டுப் போக வழி இல்லை. படி அரை அலைநீளத்தைவிடச் சிறியதாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வெறும் பரப்பில் இல்லாத ஓர் அலையை வரிகள் உண்டாக்கிவிட்டன. குவார்ட்ஸில் இதைவைத்து ஒத்ததிர்விகள் செய்கிறார்கள். ராலே அலையைவிட இது வேகமானது, அதனால் அதே கோட்டு அகலத்தில் கூடுதல் அதிர்வெண் கிடைக்கும்.

---

நெய்தல் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முலாம் பூசும் தொட்டி பழுதாகிவிட்டது.

முதலில் பழைய சாதனம். அடிப்பக்கத்தை எமரித் தாளில் தேய்த்தேன். 4 மெகாஹெர்ட்ஸ் நெளிவு அடையாளமே இல்லாமல் போய்விட்டது. தாண்டும் அலையின் குறைவு அப்படியே இருக்கிறது. அலை கீழேதான் போயிருக்கிறது.

புதிய சாதனம், படி 20, 100 வரி. தடைப்பட்டை 97.8 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்து வந்தது, அண்ணா சொன்னது போலக் கீழே நகர்ந்து. வரிசை இப்போது 2 மி.மீ.தான், முன்விளிம்பு சீப்பு மையத்திலிருந்து 3 மி.மீ. போய்வர 1.5 மைக்ரோவினாடி. எதிரொலி 1.6க்குப் பக்கத்தில் உயரமாக நிற்கிறது. 1.5இல் இல்லாமல் கொஞ்சம் தள்ளி நிற்பதைப் பார்த்து, கண்ணாடிக்கு முகம் கிடையாது என்று படிகம் அண்ணா எழுதியது நினைவுக்கு வந்தது. 30 வரிச் சாதனத்தில் எதிரொலி இருக்கிறது, பாதி உயரம்கூட இல்லை. பட்டைக்கு மேலே 100 மெகாஹெர்ட்ஸ் தாண்டி இன்னொரு சரிவும் இருக்கிறது. அங்கே எதிரொலி இல்லை, அதனால் அதற்குத் தடைப்பட்டை என்று பெயர் வைக்கவில்லை.

பற்றாசு ஐயா, அந்தத் திறந்த டப்பா இன்னும் உங்களிடம் இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடமுடியுமா? அறிக்கையில் பிளந்த விரல்களைக் காட்ட அதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

---

பற்றாசு எழுதியது:

அந்த டப்பா இல்லை தம்பி, வீடு மாறும்போது போய்விட்டது. ஆனால் பழைய போர்டுகள் ஒரு மூட்டை பரணில் இருக்கிறது. நேற்று இரவு ஏறி இறக்கினேன், ஐந்து கால் டப்பா நான்கு கிடைத்தன. இரண்டைத் திறந்துவிட்டேன், ஒன்று படிகம் உடையாமல் முழுசாக இருக்கிறது. படம் எடுக்க என்னிடம் நல்ல லென்ஸ் இல்லை. முகவரியைத் தனி மடலில் அனுப்புங்கள், பஞ்சில் சுற்றித் தபாலில் போடுகிறேன். திறக்காத இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன், அவற்றை அனலைசரில் மாட்டி அந்த வளைவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.